கோபாலபுரம் எல்லையில் ஒரு பொருளாதாரப் பாடம்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் கோபாலபுரத்தோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்து வருவது கொழிஞ்சாம்பாறை, கேரளத்தின் சித்தூர் வட்டம். கடைப் பலகைகளில் மலையாளம் சேர்ந்துகொள்வதை வைத்துத்தான் மாநிலம் மாறியதே தெரியும். பேச்சு அதே தமிழ், தோப்பு அதே தென்னந்தோப்பு, மாமன் மச்சான் உறவு இரண்டு பக்கமும் உண்டு. ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்துக்கும் கோவை ஜில்லாவுக்கும் நடுவே ஓடிய கோடு இன்று இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடுகிறது.

இந்தப் பக்கத்துத் தென்னையில் கள் இறக்கினால் குற்றம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கோட்டைத் தாண்டி அதே ரகத் தென்னையில் இறக்கினால் அது உரிமம் பெற்ற தொழில். சித்தூர்த் தோப்புகளின் கள் கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்கு வண்டியேறிப் போகிறது.

ஒரே மண், ஒரே மக்கள், இரண்டு அரசுகள். அரசின் முடிவுகள் மனிதர்களை என்ன செய்கின்றன என்று அறிய விரும்புபவருக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. பொருளாதாரம் என்றதும் பங்குச் சந்தையும் ஜி.டி.பி. சதவீதமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அரசுக் கொள்கையை எடைபோட அவை இரண்டும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது ஒரு பழக்கம். ஓர் அரசாணை வந்தால், அதைப் போட்டவரின் எண்ணம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் யார் யார் தங்கள் நடத்தையை எப்படி மாற்றிக்கொள்வார்கள் என்று கேட்க வேண்டும். கூடவே, இந்த ஆணையே வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் பிடித்துக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது. மற்றவை கணக்கு.

ஒரு கிலோ நெல்லின் கணக்கு

நெல்லிலிருந்து தொடங்கலாம். மத்திய அரசு நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அதன்மேல் மாநிலங்கள் தங்கள் பங்குக்கு ஊக்கத்தொகை சேர்க்கின்றன. கேரளத்தில் 2022-23 பருவத்தில் விவசாயிக்குக் கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு கிடைத்தது. அதில் மத்திய அரசின் விலை 20.40, மாநிலத்தின் ஊக்கத்தொகை 7.80. இந்தியாவிலேயே மிக உயர்ந்த விலைகளில் அது ஒன்று.

அடுத்த ஆண்டு மத்திய அரசு ஆதரவு விலையை 21.83 ஆக உயர்த்தியது. பத்திரிகைகளில் பெரிய தலைப்பு வந்தது. சித்தூர் விவசாயியின் கைக்கு எவ்வளவு வந்தது? அதே 28.20. மாநிலம் தன் பங்கை 6.37 ஆகக் குறைத்துக்கொண்டது. 2024-25இல் ஆதரவு விலை 23 ரூபாய் ஆனது, மாநிலப் பங்கு 5.20 ஆக இறங்கியது, மொத்தம் மீண்டும் 28.20. அறிவிப்பு டெல்லியில் வந்தது, பலன் திருவனந்தபுரம் கருவூலத்தில் தங்கியது. ஒரு சலுகை யார் பெயரில் அறிவிக்கப்படுகிறது என்பதும் அது கடைசியில் யார் பையில் சேர்கிறது என்பதும் வெவ்வேறு சங்கதிகள். வரிக்கும் இது பொருந்தும், மானியத்துக்கும் பொருந்தும். பாடப்புத்தகங்கள் இதை வரியின் சுமைப் பகிர்வு என்று சொல்லும். பாடப்புத்தகம் படிக்காத விவசாயி இதை ரசீதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கேரள அரசை உடனே திட்டத் தோன்றும். திட்டுவதற்குமுன் அவர்கள் தரப்புக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நியாயம். மாநிலப் பங்கு 7.80இலிருந்து 5.20 ஆனதில் கிலோவுக்கு 2.60 மிச்சம் என்றால் ஒரு லட்சம் டன்னுக்கு 26 கோடி ரூபாய். அந்த 26 கோடி வேறு எங்கோ போகிறது. ஓய்வூதியமாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம், பழைய கடனுக்கு வட்டியாகவும் இருக்கலாம். ஒரு ரூபாயை ஓரிடத்தில் செலவிட்டால் இன்னோரிடத்தில் அதைச் செலவிட முடியாது. அப்படிக் கைவிட்ட அந்த இன்னொன்றுதான் உண்மையான விலை. பொருளாதாரத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். மேடையில் பேசும் எவரும் இதைச் சொல்லமாட்டார்கள். ‘இதற்குப் பணம் ஒதுக்கினோம்’ என்பார்கள், ‘அதனால் எதை விட்டோம்’ என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

இப்போது எல்லைக்கு வருவோம். 2024-25இல் தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,450 ரூபாய். அதாவது பொது ரகம் கிலோ 24.05. கோட்டுக்கு அந்தப் பக்கம் 28.20. வித்தியாசம் 4 ரூபாய் 15 காசு. பத்து டன் ஏற்றும் லாரிக்கு 41,500 ரூபாய். இந்த வித்தியாசத்தைப் போட்டுவிட்டு, நெல்லைப் பார்த்து நீ இந்தப் பக்கமே இரு என்றால் இருக்குமா? தமிழ்நாட்டு நெல் பாலக்காட்டு விவசாயிகளின் பெயரில் கொள்முதலுக்கு வருகிறது என்ற புகார் எழுவதில் வியப்பே இல்லை. அதைத் தடுக்கப் பதிவு, நில ஆவணம், ஏக்கருக்கு இத்தனை கிலோதான் என்ற வரம்பு, அதிகாரிகளின் வயல் பார்வை என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவில் ஒரு பகுதியை நேர்மையான விவசாயியும் தாளும் கையுமாக அலைந்து கட்டுகிறார். அதிக விலை தருவது என்று முடிவெடுக்கும் நாளிலேயே இந்தக் காவல் செலவையும் கணக்கில் எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

இவ்வளவு லாபம் என்றால் கேரள விவசாயி ஏன் சில சமயம் குறைந்த விலைக்குத் தனியார் மில்லுக்கு நெல்லைத் தள்ளிவிடுகிறார்? பணம் வரும் நாள்தான் காரணம். கேரளத்தில் நெல்லை வாங்குவது மாநில அரசின் சப்ளைகோ நிறுவனம். அது பணத்துக்குப் பதில் ஒரு ரசீது தரும். அந்த ரசீதை வங்கியில் காட்டினால் வங்கி தொகையைக் கடனாக எழுதி விவசாயிக்குக் கொடுக்கும், கடனைப் பின்னர் சப்ளைகோ அடைக்கும். ஏற்பாடு ஒழுங்காக ஓடும் ஆண்டில் கவலை இல்லை. முடங்கும் ஆண்டில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

காத்திருப்புக்கு விலை உண்டு. விதைக்கும் உரத்துக்கும் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 28.20 மூன்று மாதம் தள்ளி வந்தால் வட்டியில் 2.54 போய்விடும். நான்கு மாதம் தள்ளினால் 3.38. ஐந்து மாதம் இழுத்தால் 4.23. அறிவித்த விலையில் தமிழ்நாட்டைவிட அதிகமாக இருந்த 4.15 முழுவதையும் வட்டிக்காரர் எடுத்துக்கொண்டார். ஆகவே நிதியமைச்சர் இன்னொரு ரூபாய் கூட்டுவதா என்று யோசிக்கும்போது, அந்த ரூபாயை விலையில் சேர்ப்பதா, அல்லது பத்து நாளில் பணம் போய்ச் சேர ஏற்பாடு செய்யச் செலவிடுவதா என்று கேட்பவர் ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டும். என் கட்சி இரண்டாவது. விலை உயர்வு தலைப்புச் செய்தியாகும், விரைவான பட்டுவாடா ஆகாது என்பதுதான் அதன் ஒரே குறை.

அட்டையின் நிறமும் அரிசியின் பயணமும்

நெல் மேற்கே போனால் அரிசி மட்டும் சும்மா இருக்குமா? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். வசதியுள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல், அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும். கேரளத்தில் அட்டைகள் நான்கு நிறம்: மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை. நிறத்துக்கேற்ப அளவும் விலையும் மாறும்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் கேரளத்தின் ரேஷன் முறையும் எல்லோருக்குமானதாக, நாட்டுக்கே எடுத்துக்காட்டாக இருந்தது. 1997இல் மத்திய அரசு மக்களை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. மேலே இருப்பவர்களுக்கு விலை ஏறியதும் அவர்கள் கடைக்கு வருவதை விட்டார்கள். கேரளத்தில் ரேஷன் கடைகளின் வியாபாரம் சரிந்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தது.

எது சரி? இங்கே இரண்டு வகைத் தவறுகள் இருக்கின்றன. கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று, கொடுக்க வேண்டியவரை விட்டுவிடுவது மற்றொன்று. முதலாவது சேர்ப்புப் பிழை, இரண்டாவது விலக்கல் பிழை. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் வேண்டாத மீனும் மாட்டும், பெரிதாக்கினால் வேண்டிய மீனும் தப்பும். கார் வைத்திருப்பவருக்கு இலவச அரிசியா என்று கோபப்படுவது எளிது, ஏனென்றால் கார் கண்ணுக்குத் தெரியும். கணவனை இழந்து, பட்டியலிலும் பெயர் விடுபட்ட பெண் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பப்படுவது யார் கண்ணிலும் படாது. ஒரு பிழையால் பணம் வீணாகும், மற்றதால் ஒரு வீட்டில் உலை கொதிக்காது. இரண்டுக்கும் ஒரே எடை போடலாமா என்பதைப் பொருளாதாரம் தீர்மானிக்காது. அந்த எடையைப் போட வேண்டியவர்கள் நாமும் நாம் தேர்ந்தெடுத்தவர்களும். எந்தப் பிழையைக் குறைத்தால் மற்றது எவ்வளவு கூடும் என்பதை மட்டும் பொருளாதாரம் அளந்து சொல்லும்.

இலவச அரிசிக்கு இன்னொரு விளைவும் உண்டு, அதுதான் எல்லைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு விலையின்றிக் கிடைக்கும் அரிசிக்குக் கோட்டின் மறுபக்கம் ஒரு விலை இருக்கிறது. ரேஷன் அரிசியைச் சமைக்காத வீடு அதைச் சில்லறை விலைக்கு விற்கிறது. அங்கங்கே சேர்த்து மூட்டையாக்கி, வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கிடைத்த வழியில் கடத்துகிறார்கள். குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை பிடிக்கிறது, மறுவாரம் வேறு வண்டி வருகிறது. ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டி, காட்பாடிப் பக்கமும் இதே கதைதான்.

இதை வைத்துத் திட்டமே தோல்வி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு வேண்டாத அரிசியை விற்றுவிடும் வீட்டுக்கு அந்தத் திட்டம் சொற்பப் பணம் தரும் திட்டமாக மாறிவிட்டது, அவ்வளவுதான். அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே? புதுச்சேரி அதைச் செய்து பார்த்தது. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டது. 2024இல் ரேஷன் கடைகளை மீண்டும் திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கியது. பணம் வந்தால் அது வீட்டுச் செலவில் கரையும், விலைவாசி ஏறினால் அதன் மதிப்புத் தேயும், வங்கி தூரத்தில் இருந்தால் எடுக்கவே ஒரு நாள் கூலி போகும். அரிசி அப்படித் தேயாது. இதில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, எந்த ஊர், எந்தக் கடை, எந்த வங்கி என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பொருளாதாரம் தெரிந்தவர் கேள்விக்கு ‘சூழலைப் பொறுத்தது’ என்று பதில் சொன்னால் எரிச்சல் வரும். எதைப் பொறுத்தது என்று அவர் தெளிவாகச் சொன்னாரென்றால் அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எதோடு ஒப்பிடுவது?

இனி இரண்டாவது கேள்வி. ஒரு திட்டம் வந்தது, அதன்பின் நிலைமை மேம்பட்டது. திட்டத்தால்தானா? நல்ல மழை பெய்திருக்கலாம், தேங்காய் விலை ஏறியிருக்கலாம். ‘முன்’ ‘பின்’ என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டும் விளம்பரம் இந்த ஐயத்தைத் தீர்க்காது. ஆணை வராத உலகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். முழுமையாக அப்படி ஓர் உலகம் கிடைக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் அதற்குக் கொஞ்சம் நெருங்கி வரும்.

இதை உலகறியச் செய்து காட்டியவர்கள் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களான டேவிட் கார்டும் ஆலன் குரூகரும். 1992 ஏப்ரல் 1இல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. ஒட்டியிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கூலி கூடினால் முதலாளிகள் ஆட்களைக் குறைப்பார்கள் என்பது அன்றைய பொதுக் கருத்து. இருவரும் நியூ ஜெர்சியிலும் எல்லையை அடுத்த கிழக்குப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவுக் கடைகளை எடுத்துக்கொண்டு, கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதினார்கள். பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டபோது நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. 1994இல் ஆய்வு வெளியானபோது பெரிய சச்சரவு எழுந்தது. வேறு தரவுகளை எடுத்துக்கொண்டு மறுத்தவர்களும் உண்டு. குரூகர் 2019இல் காலமானார். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆட்சியாளர்கள் தெரியாமலே நடத்திவிடும் இத்தகைய சோதனைகளுக்கு இயற்கைச் சோதனை என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் போட்ட கணக்கை நம் ஊர்ப் பஸ்ஸில் ஏற்றிப் பார்க்கலாம். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நடத்துநர் பணம் வாங்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். சித்தூர்ப் பக்கத்துப் பெண் கட்டணம் கொடுத்துத்தான் போகிறார். இதனால் பெண்கள் அதிகம் வேலைக்குப் போகிறார்களா?

எண்களைக் கற்பனையாகவே எடுத்துக்கொள்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் முன்பு 100 பெண்களில் 30 பேர் வெளிவேலைக்குப் போனார்கள், பின்னர் 38 பேர் என்றால் 8 கூடியிருக்கிறது. அரசு விளம்பரம் இந்த எட்டையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். சித்தூர்ப் பக்கம் அதே காலத்தில் 40 பேர் 44 ஆனார்கள் என்றால், இலவசப் பயணம் இல்லாமலே அங்கே 4 கூடியிருக்கிறது. எட்டில் நான்கைக் கழித்தால் மிஞ்சும் நான்குதான் திட்டத்தால் வந்தது என்று தோராயமாகச் சொல்லலாம். மாற்றத்திலிருந்து மாற்றத்தைக் கழிப்பது, இவ்வளவுதான் வித்தை. தொடக்கத்திலேயே அந்தப் பக்கம் 40, இந்தப் பக்கம் 30 என்று இருந்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே போக்கில் நகர்ந்துகொண்டிருந்தார்களா என்பதுதான் கவலை.

அங்கேதான் வழுக்கும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலை. இலவசப் பயணம் தொடங்கிய சில நாட்களில் ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றது. கேரளத்திலும் ஊரடங்கு, ஆனால் அதன் கெடுபிடியும் தளர்ந்த நாட்களும் ஒன்றல்ல. ஆலைகள் திறந்தபோது கூடிய வேலையைப் பஸ்ஸின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. இன்னொரு சிக்கல், எல்லை என்பது சுவர் இல்லை. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2021-22 கணக்கின்படி கிராமப்புற விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் ஏறத்தாழ 727 ரூபாய், தமிழ்நாட்டில் 446 ரூபாய். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகள் கிளம்புவது இந்த வித்தியாசத்தால்தான். ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போய் வேலை செய்யும்போது, யாரை எந்தப் பக்கத்தில் எண்ணுவது? பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட வசதி, பக்கத்தில் இருப்பதாலேயே கலப்படமும் உண்டு.

லாட்டரியில் இந்தக் கலப்படத்தை வெளிப்படையாகவே பார்க்கலாம். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. 1967இல் அரசு லாட்டரியைத் தொடங்கிய கேரளம் இன்றும் நடத்துகிறது. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது, வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்தவர்கள். டிக்கெட் வாங்கிய வீட்டின் நட்டம் தமிழ்நாட்டில், வருமானம் கேரளத்தில். தடை தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அவிநாசியில் இருப்பவருக்கு வாளையார் தூரம், அந்தத் தூரமே பலரைக் காப்பாற்றும். தடையின் பலன் எல்லையிலிருந்து விலக விலகக் கூடும் என்பது மட்டும் தெரிகிறது.

பில்லில் வராத செலவு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அதிக தூரம் இல்லை, பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடா. 2000இல் அங்கே கோக-கோலா ஆலை தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் எடுத்தது. தங்கள் கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போனது என்று ஆலைக்கு எதிரே குடியிருந்த பழங்குடியினர் 2002 ஏப்ரலில் போராட்டத்தில் இறங்கினார்கள். முன்னணியில் நின்ற மயிலம்மா எரவாளர் சமூகத்துப் பெண். ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

ஒரு பாட்டிலின் விலைக்குள் சர்க்கரை உண்டு, கண்ணாடி உண்டு, மின்சாரம், கூலி, லாரி வாடகை எல்லாம் உண்டு. குடத்தோடு இன்னொரு ஊர்வரை நடந்த பெண்ணின் நேரம் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் கட்டாமல் மூன்றாம் ஆளின் தலையில் விழும் இந்தச் செலவுக்குப் புறவிளைவு என்று பெயர். அதை வரியாகப் போட்டு விலைக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1920இலேயே ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ வாதிட்டார். சொல்வது எளிது, எவ்வளவு போடுவது?

பிளாச்சிமடாவுக்கு அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் மொத்தச் சேதம் 216.26 கோடி ரூபாய் என்றது. விவசாய இழப்பு 84.16 கோடி, நீராதாரங்கள் மாசுபட்டதற்கு 62.10 கோடி, உடல்நலப் பாதிப்புக்கு 30 கோடி, குடிநீர் வழங்கும் செலவு 20 கோடி, கூலியும் வாய்ப்பும் இழந்ததற்கு 20 கோடி. இந்த எண்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஊகம் இருக்கிறது. எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டு, எந்த விலை என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அதில் வாதிட இடமுண்டு, வாதிடவும் வேண்டும். ஆனால் எண் ஒன்று எழுதப்பட்ட பிறகுதான் அந்த வாதமே சாத்தியமானது. அதுவரை சேதத்தின் மதிப்பு ஏட்டில் பூஜ்யமாகவே இருந்தது. 2011இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டால் காரியம் நடந்துவிடும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் நம்பிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு மருந்து.

பிளாச்சிமடாவைப் பற்றிப் பேசும் நாங்கள் எங்கள் தோப்புக் கிணறுகளைப் பற்றிப் பேசுவது குறைவு. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தோட்டக்காரர் கட்டுவது பூஜ்யம் என்றால், மண் நனைந்த பிறகும் அதை நிறுத்த அவசரமில்லை. நீர்மட்டம் இறங்கினால் வசதியுள்ளவர் இன்னும் நூறு அடி ஆழப்படுத்துவார், பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு வற்றும். இதுவும் புறவிளைவுதான். ஆலை ஒன்று, கிணறுகள் ஆயிரம். எதிரியின் முகம் தெரியாததால் பந்தல் போட்டுப் போராட ஆளில்லை. நிலத்தடி நீரை மிகையாக உறிஞ்சும் பகுதிகளின் பட்டியலில் சித்தூரின் பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. மீட்டர் வைத்துக் கட்டணம் போடலாம் என்றால் எந்தக் கட்சியும் துணியாது. மின்சாரத்தை அளந்து கொடுத்துவிட்டு, மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்குப் பணம் தருவது என்று ஒரு வழி உண்டு. விவசாயியிடமிருந்து எதையும் பறிக்காமல், கடைசி மணி நேர ஓட்டத்துக்கு மட்டும் ஒரு விலை வைக்கும் வழி. சலுகையைக் கொடு, ஆனால் வீணடிப்பதற்குச் சலுகை கொடுக்காதே என்ற இந்த யோசனை நெல்லுக்கும் பஸ்ஸுக்கும்கூட உதவும்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் விதித்தது. பெட்ரோலில் லிட்டருக்கு 5 ரூபாய், டீசலில் 3 ரூபாய் வித்தியாசம் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கும் ஒருவர் பைக்கில் பொள்ளாச்சிப் பக்கம் வந்து பத்து லிட்டர் போட்டால் மிச்சம் 50 ரூபாய். போக வர இருபது கிலோமீட்டருக்கு லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி குடிப்பது 40 ரூபாய் பெட்ரோல். பத்து ரூபாய்க்காக ஒரு மணி நேரம் எவரும் அலையமாட்டார். ஆக, செஸ் விதித்தவர் பைக் ஓட்டுபவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

லாரிக்காரர் கதை வேறு. பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய்க்கோ காய்கறிக்கோ அவர் எப்படியும் வருகிறார், வந்த வழியில் பங்க் இருக்கிறது. முந்நூறு லிட்டர் போட்டால் 900 ரூபாய் மிச்சம், சுற்றுச் செலவு எதுவும் இல்லை. அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிரப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் கேரளம் இழப்பது 2 ரூபாய் செஸ் மட்டும் அல்ல. டீசலுக்கு அங்கே விற்பனை வரி 22.76 சதவீதம், லிட்டருக்கு 15 ரூபாய்க்குக் குறையாது. செஸ் போடுவதற்குமுன் அந்த 15 ரூபாய் வந்துகொண்டிருந்தது. லாரிக்குப் போடும் ஒரு லிட்டர் கைநழுவினால், நழுவாத ஏழெட்டு லிட்டரில் கிடைத்த செஸ் அதை ஈடுகட்டவே சரியாகிவிடும். ஆகவே அந்த 2 ரூபாயால் கருவூலம் நிறைந்ததா என்பதற்கு விடை, எல்லையோரப் பெட்ரோல் பங்க்குகளில் விற்ற டீசல் 2023 ஏப்ரலுக்குப் பின் எவ்வளவு குறைந்தது, கோட்டயம், ஆலப்புழை போன்ற உள்மாவட்டங்களில் எவ்வளவு மாறியது என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. இரண்டாவது மாற்றத்தை முதலாவதிலிருந்து கழிக்க வேண்டும்.